நடுவில் எழுந்து போகாமல்

மார்ச் 4

தம்பிக்கு,

என்னைப் பற்றி டாக்டருக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கிறாயே, நீயெல்லாம் ஒரு தம்பியா? கோபத்தில் எழுதுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

முந்தாநாள் இதய கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். மாதப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறதே, எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று குழம்பிக்கொண்டே போனேன். நர்ஸ் என் ஃபைலைத் திறந்தாள். மேலேயே உன் கையெழுத்து! ஆறு பக்கம். முதல் பக்கம் புகார். மற்றதெல்லாம் கோடு போட்ட அட்டவணை. போன வருஷத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உன் வீட்டில் இருந்தேனே, அந்த அறுபத்தொரு நாளும் காலை எடை, இரத்த அழுத்தம், குடித்த தண்ணீர், எல்லாம். அதற்குக் கீழே, "நீர் மாத்திரை ஒன்பது மிச்சம் இருந்தது. நோயாளி உண்மை சொல்வதில்லை." நோயாளியாம்! உனக்குச் செருப்பு வார் மாட்டக் கற்றுக்கொடுத்தவள் உனக்கு நோயாளி ஆகிவிட்டேன்.

போன மாதம் என் வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைக் கொட்டி எண்ணினாய். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நிற்கும்போதே சத்தம் போட்டாய். சரி, கோபத்தில் கத்துகிறான், ஊருக்குப் போனால் ஆறிவிடுவான் என்று விட்டுவிட்டேன். நீ ஊருக்குப் போய் ஆற அமர உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாய்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. கிளினிக்கில் வயதானவர்களுக்கென்று புதிதாக ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். எடையும் அழுத்தமும் அவர்களே பார்த்து எழுதிக்கொள்வார்களாம். இந்தப் படிவத்தில் மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும். முதல் கேள்வி: "உங்களுக்கு எது மிகவும் முக்கியம்? எதைச் செய்ய முடிந்தால் நன்றாக இருப்பதாகச் சொல்வீர்கள்?" என் படிவத்தில் அந்தக் கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. "நீண்ட ஆயுள். வேறு விருப்பம் இல்லை." உன் புகாரின் கடைசி வரி அது. அங்கே இருக்கிற எழுத்தர், வேலை மிச்சம் என்று அப்படியே பார்த்து எழுதிவிட்டார்.

"இது நீங்க சொன்னதுதானேம்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நான் எப்பம்மா சொன்னேன்? என்னை யாராவது கேட்டாங்களா?" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். பிறகு அந்தத் தாளை எடுத்துவிட்டு வெற்றுப் படிவம் ஒன்று தந்தாள். "வீட்டுக்குப் போய் நிதானமா எழுதிட்டு வாங்க. அவசரமே இல்ல."

அது மேஜையில் கிடக்கிறது. நீ அடுத்த மாதம் வர வேண்டாம். மாத்திரை டப்பாவை நானே நிரப்பிக்கொள்வேன். எனக்கு எண்ணத் தெரியும்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நான் அனுப்பியது ஆறு பக்கம் இல்லை, ஏழு. ஒரு பக்கத்தை அவர்கள் தொலைத்திருக்க வேண்டும்.

நான் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எடை அளவுத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கினேன். எந்தக் கடைக்காரனைக் கேட்டாலும், "எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு" என்பான். தராசில் படிக்கல்லை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வாயால் சொல்வதை நம்பி நான் ஒரு தராசுக்கும் முத்திரை போட்டதில்லை. நீயும் தொலைபேசியில் தினமும், "நல்லாத்தான் இருக்கேன்டா" என்றாய். டப்பாவில் ஒன்பது மாத்திரை கிடந்தது.

அக்கா, இன்னொன்று. இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரியும், "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயும் காலுறை போட்டுக்கொண்டு நடந்தாள். "குளிருது" என்றாள். நானும் நம்பினேன். ஆஸ்பத்திரியில் அந்தக் காலுறையைக் கழற்றியபோதுதான் கால் எவ்வளவு வீங்கியிருந்தது என்று பார்த்தேன். ஒரே வீடு, ஒரே கட்டில். நான் குனிந்து பார்க்கவில்லை.

அதனால்தான் எண்ணினேன். இனியும் எண்ணுவேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மிச்சமிருந்த ஒன்பதும் செவ்வாய், வியாழன் அறைகளில்தான் இருந்தன. மற்ற நாளில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. மறதி என்றால் இப்படிக் கிழமை பார்த்து வராது. செவ்வாயும் வியாழனும் என்ன செய்கிறாய்? தேதி வாரியாக எழுது.

தம்பி


மார்ச் 15

தம்பி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். காலுறை விஷயம் எனக்குத் தெரியாது. அவள் என்னிடமும் குளிர் என்றுதான் சொன்னாள். நீ இத்தனை வருஷமாக இதை மனசுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தாய் என்று தெரிந்திருந்தால், போன கடிதத்தில் பாதியைக் கிழித்துப் போட்டிருப்பேன். (பாதியைத்தான். மீதி உனக்கு வேண்டியதுதான்.)

சரி, சொல்லிவிடுகிறேன். நேரில் கேட்டிருந்தால் உயிரே போனாலும் சொல்லியிருக்க மாட்டேன். காகிதம் முகத்தைப் பார்க்காது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

செவ்வாயும் வியாழனும் கோர்ட்டுக்குப் போகிறேன். வேலைக்கு இல்லை, பார்வையாளர் பெஞ்சுக்கு. முப்பத்தொரு வருஷம் அதே கட்டிடத்தில் தட்டச்சு செய்தேன். பேசுகிறவர் வாய் திறந்தால் என் விரல் ஓட வேண்டும். ஒரு வார்த்தை விடக் கூடாது. அந்த அவசரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதே இல்லை, தெரியுமா? இப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறேன். அவ்வளவு சுகமாக இருக்கிறது. பொய் சொல்கிறவனின் குரல் எங்கே இறங்குகிறது என்றுகூட இப்போது தெரிகிறது.

ஒரு வழக்கைப் பதினொரு மாதமாகத் தொடர்ந்து கேட்கிறேன். சலவை ஆலையில் வேலை செய்த பெண். இயந்திரத்தின் மூடி சரியில்லை என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலது கை போய்விட்டது. அவள் பக்கத்தில் உட்கார வக்கீலைத் தவிர ஆளில்லை. நான் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, உள்ளே வந்ததும் முதலில் என்னைத் தேடுவாள். நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். அதைக் காலை எட்டு மணிக்குப் போட்டால் மதியம் வரை என்னை உட்காரவிடாது. கால் மணிக்கு ஒரு தடவை பாத்ரூமுக்கு ஓட வேண்டும். விசாரணை நடக்கும்போது வெளியே போனால் இடைவேளை வரை உள்ளே விடமாட்டார்கள். அது அங்கே விதி. நவம்பரில் அந்தப் பெண் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். அவள் முகத்தைப் பார்த்தபிறகு எனக்கு எழுந்துபோக மனசு வரவில்லை. அடக்கினேன். அடக்க முடியாமல் எழுந்தேன். பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவிலேயே எல்லாம் ஆகிவிட்டது. உடையெல்லாம் நனைந்து, தரையிலும். வாசலில் நிற்கிறவர் நல்ல மனிதர், தன் கோட்டைக் கழற்றி என் இடுப்பில் சுற்றிவிட்டார். முப்பத்தொரு வருஷம் தலை நிமிர்ந்து நடந்த இடம்டா. நான் அன்றைக்கே செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண் கேட்டாள். "ஏம்மா அன்னிக்குப் பாதியில போயிட்டீங்க? நான் சொன்னது பிடிக்கலையா?"

அதிலிருந்துதான் கோர்ட் நாளில் மாத்திரை போடுவதில்லை. அதற்கெல்லாம் முன்னால், உன் வீட்டில் இருந்த இரண்டு மாதமும் நீ என்னை மெச்சிக்கொண்டே இருந்தாய். "எடை அருமை, அழுத்தம் அருமை, அக்கா தேறிட்டா!" நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இதுக்குப் பேர்தான் தேறுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தை இன்று நிரப்பினேன். "இரண்டு மணி நேரம் நடுவில் எழுந்து போகாமல் ஓர் இடத்தில் உட்கார வேண்டும்." அவ்வளவுதான். பக்கத்தில், இப்போது எவ்வளவு முடிகிறது, பத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தார்கள். இரண்டு போட்டேன்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

படித்தேன். பதில் எழுத உட்கார்ந்த இரண்டு நாளும் எழுந்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

என் அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதினாலு கட்டம் போட்டிருக்கிறேன். எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று இருக்கிறது. வெளியே போனாயா என்று ஒரு கட்டம் இல்லை. அறுபத்தொரு நாளில் நீ ஒருநாள்கூட வாசலைத் தாண்டவில்லை. அது எனக்குக் கண்ணில் படவே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் சொல்கிறேன், கோபப்படாதே. மாத்திரையை விடாதே. கதவுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காரலாம். உறிஞ்சும் உள்ளாடை கடைகளில் கிடைக்கிறது, நான் விசாரித்துவிட்டேன், மூன்று அளவு இருக்கிறதாம். தீர்ப்பின் நகல் பிறகு வாங்கிப் படித்துக்கொள்ளலாம். எத்தனையோ வழி இருக்கிறது. கோர்ட்டில் உட்கார வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் டாக்டர் சிரிக்க மாட்டாரா? அவர் இதயத்துக்கு வைத்தியம் செய்கிறவர்.

சிரித்தால் எனக்கு எழுது. ஏழு பக்கம் அவருக்கு எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 28

தம்பி,

அவர் சிரிக்கவில்லை.

உள்ளே போனதும் வழக்கம்போல் கணினியைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு" என்று ஆரம்பித்தார். நர்ஸ் என் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். படித்தார். மறுபடி படித்தார். நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். நாலு வருஷத்தில் அவர் நாற்காலி என் பக்கம் திரும்பி இப்போதுதான் பார்க்கிறேன்.

"ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையே டாக்டர். கால் வீங்குதான்னு கேட்டீங்க, மூச்சு வாங்குதான்னு கேட்டீங்க. ரெண்டும் இல்லன்னு சொன்னேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவமாக இருந்தது. அப்புறம் கோர்ட் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், எத்தனை மணிக்கு முடியும், வீட்டுக்கு எப்போது வருவேன் என்று சாவகாசமாகக் கேட்டார். கடைசியில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் தெரியுமா? கோர்ட் நாளில் மாத்திரையை வீட்டுக்கு வந்து மூன்று மணிக்குப் போட வேண்டுமாம். இராத்திரி படுப்பதற்குள் அதன் வேகம் அடங்கிவிடுமாம். "காலையிலதான் போடணும்னு சட்டமா? பொதுவா அப்படிச் சொல்றோம், அவ்ளோதான்" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவா நான் நாலு மாதம் திருட்டுத்தனம் செய்தேன்!

விடுவது கூடாது, தள்ளிப்போடலாம் என்று கறாராகச் சொன்னார். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே கூப்பிட வேண்டும். எடை கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம் என்றார்.

இந்த வாரம் கோர்ட் நாள் இரண்டிலும் அப்படிப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. புதன்கிழமை காலை எடை அறுநூறு கிராம் கூடியிருந்தது. மூச்சு நன்றாக இருக்கிறது. உன்னிடம் மறைக்கக் கூடாது என்று சொல்கிறேன். மேலே எகிறிக் குதிக்காதே.

ஏப்ரல் 18, வியாழன், தீர்ப்பு. பத்தரை மணிக்கு.

உன் உள்ளாடை ஆராய்ச்சிக்கு நன்றி. கடைக்காரன் என்ன நினைத்திருப்பான்!

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

அறுநூறு கிராமா!

படித்த கையோடு டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, தபால்பெட்டி வரை போனேன். உன்னைக் கேட்காமல் போடக் கூடாது என்று திரும்பி வந்துவிட்டேன். கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது. போடட்டுமா, கிழிக்கட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. மூச்சு எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

தம்பி


ஏப்ரல் 4

கிழி. மூச்சு நன்றாக இருக்கிறது, உண்மை. அறுநூறில் நானூறு இறங்கிவிட்டது. கணுக்காலை அமுக்கினால் குழி விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரியையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன், உனக்குச் சாட்சி வேண்டுமே என்று.

நீ தபால்பெட்டி வரை போய்த் திரும்பினாய் என்று படித்ததும் மனசு இளகிவிட்டது, மடையா.

அக்கா


ஏப்ரல் 21

தம்பி,

உட்கார்ந்தேன்! இரண்டு மணி பத்து நிமிஷம்!

மூன்றாவது பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தேன். கதவுக்குப் பக்கத்தில் இல்லை, நடுவில். இரண்டு பக்கமும் ஆள். கோட்டைக் கழற்றிக் கொடுத்தாரே, அந்த வாசல் மனிதர், "இந்தப் பக்கம் ஓரமா உக்காருங்கம்மா" என்று இடம் காட்டினார். "வேண்டாம்பா, இன்னிக்கு நடுவுலதான்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வழி விட்டார்.

அந்தப் பெண் வந்து திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். நீதிபதி படிக்க ஆரம்பித்தார். முதல் அரைமணி நேரம் தீர்ப்பே என் காதில் விழவில்லை. வருகிறதா, வருகிறதா என்று உடம்பையே கவனித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அப்புறம் அதை மறந்தே போனேன். மறந்துவிட்டேன் என்பதே வீட்டுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது!

ஆலைதான் பொறுப்பு என்று தீர்ப்பு. மூடி சரியில்லை என்று அவள் சொன்னதையெல்லாம் தேதியோடு படித்தார் நீதிபதி. அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் நேரே என்னிடம் வந்தாள். "கடைசி வரைக்கும் இருந்தீங்களேம்மா" என்றாள். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அழுதேன். நடைபாதையில் போகிற வக்கீலெல்லாம் யார் வென்றது, யார் தோற்றது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து மூன்று மணிக்கு மாத்திரை போட்டேன். நீ கேட்பாய் என்று எழுதுகிறேன்.

நேற்று கிளினிக். எடை, பழைய எடையை விட முந்நூறு கிராம் கூட. அழுத்தம் முன்பைவிட நாலு புள்ளி மேலே. "நாங்க அளக்கிறதெல்லாம் கொஞ்சம் மோசமாயிருக்கு" என்றார் டாக்டர். "உங்களோடது எத்தனை?" இரண்டை அடித்துவிட்டு ஒன்பது போட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நர்ஸ் கைதட்டியே விட்டாள்.

படிவத்தில் கடைசியாக ஒரு பக்கம் இருக்கிறது. போன தடவை அதை விட்டுவிட்டேன். "நீங்கள் பேச முடியாத நிலை வந்தால், உங்களுக்கு எது முக்கியம் என்று எங்களுக்குச் சொல்லக்கூடியவர் யார்?" நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள்.

"என் தம்பி" என்றேன்.

"புகார் எழுதினாரே, அவரா?" அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவனேதான். அவன் தப்பாப் புரிஞ்சுக்குவான், சண்டை போடுவான். ஆனா நான் சொன்னதுல ஒரு வார்த்தை கூட்ட மாட்டான், குறைக்க மாட்டான்" என்றேன். உன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் போட்டதற்கு, நீ என்னைக் கேட்காமல் எழுதியதைக் கழித்துக்கொள்.

மே மாதம் வா. வெறுங்கையோடு வா, அட்டவணை வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

என் வயிற்றில் பாலை வார்த்தாய். கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். இரண்டு மணி பத்து நிமிஷம் என்பதை மட்டும் பல தடவை படித்தேன். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், நல்ல சேதியா?" என்றார். "எங்க அக்கா உக்காந்துட்டா!" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறாய். அந்தப் பயத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. அப்படி ஒரு நாள் வந்தால் பதற்றத்தில் நான் மறுபடி உளறிவிடுவேன். அதனால் இப்போதே எழுதிவைத்துவிட்டேன். வாசகம் சரியா என்று பார். தப்பிருந்தால் அடித்துத் திருத்தி அனுப்பு, நான் நல்லபடி பிரதி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.

"டாக்டர் அவர்களுக்கு. என் அக்காவின் எடையைப் பார்க்குமுன், அடுத்த வழக்கு எந்தக் கிழமை என்று கேட்கவும். உட்கார முடியாது என்றால், பக்கத்தில் ஒருவர் வழக்கு விவரங்களைப் படித்துக்காட்ட வேண்டும். நான் படிப்பேன். அக்கா கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் யாரும் எழுப்ப வேண்டாம், ஊசி போடவும் வேண்டாம். எடை அறுநூறு கிராம் வரை கூடினால் பரவாயில்லை. (இதை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.) நீண்ட ஆயுள் என்று முன்பு எழுதியது தம்பியின் விருப்பம். அதை அக்காவின் ஃபைலிலிருந்து எடுத்துவிட்டு, தம்பியின் பெயரில் தனியாகக் குறித்துக்கொள்ளவும்."

தம்பி